அஞ்சேல் என்பதும் தானமே



உணவு, மருந்து, நூல், அபயம் எனத் தானம் நான்கு வகைப்படும். முதல் மூன்றையும் இயன்ற அளவில் செய்து வருகின்றோம். அபயதானத்தை மட்டும், சிற்றுயிர்களைக் கொல்லாதிருத்தல் என்ற அளவில் நிறுத்திக் கொண்டோம். அஞ்சி நிற்கும் மனிதரின் அச்சத்தைப் போக்குவதும் அபயதானமே அன்றோ?

நம் அன்பர் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடைபெற இருந்தது. முதல்நாள் மாலை பழங்களுடன் அவரைக் காணச் சென்றோம். எம்முடன் வந்தவருள் ஒருவர், "என் மைத்துனருக்கும் இதே சிகிச்சைதான், மயக்கம் தெளியவே இல்லை" என்றார். மற்றொருவர், "எல்லாம் வினைப்பயன்" எனப் பெருமூச்செறிந்தார். யாமும் தடுத்தோமில்லை. அன்பர் இரவெல்லாம் உறங்கவில்லை. காலையில் இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தமையால் மருத்துவர் சிகிச்சையைத் தள்ளி வைத்தார். பழத்தைக் கையில் கொடுத்து, அச்சத்தை நெஞ்சில் விதைத்துத் திரும்பியிருந்தோம்!

வேண்டாதது வந்து சேர்தல், வேண்டியது பிரிதல், நோயின் வேதனை, வருங்கால இன்ப வேட்கை ஆகியவற்றில் மனம் உழல்வதை ஆர்த்த தியானம் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகின்றது. சிகிச்சைக்கு முந்திய இரவில் இவற்றுள் முதல் மூன்றும் ஒருங்கே வந்து வருத்தும்.

மனத்தின் இக்கலக்கம் உடலையும் தாக்குகின்றது. கவலை மிகுங்கால் கார்டிசால் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து, புண்ணை ஆற்றும் அணுக்களின் பணியைத் தளர்த்துகின்றது. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 11 பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில் விடுமுறையில் ஒரு முறையும், தேர்வுக்குச் சற்று முன்னர் ஒரு முறையும் சிறு காயம் செய்து நோக்கினர். தேர்வுக்காலக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக 40 விழுக்காடு மிகுதியான காலம் பிடித்தது.

இதற்கு மருந்தும் உண்டு. 1964இல் பாஸ்டன் நகர மருத்துவர் எக்பர்ட்டும் அவர்தம் குழுவினரும், வயிற்றில் அறுவை சிகிச்சை பெறும் 97 பேரை ஆராய்ந்தனர். வலி எங்கே தோன்றும், எத்துணை நாள் இருக்கும், எவ்வாறு மூச்சு விடலாம், எவ்வாறு புரண்டு படுக்கலாம் என்று ஒரு பகுதியினருக்கு மட்டும் கனிவுடன் விளக்கினர். அவர்களுக்கு வலி மருந்து ஏறத்தாழப் பாதியே போதுமானதாயிற்று, சராசரியாக 2.7 நாள்கள் முன்னதாகவே வீடு திரும்பினர். பொய்யான தேறுதல் அன்று. மெய்யைக் கனிவுடன் உரைத்தலே அவர்கள் அளித்த அபயம்.

நம் அன்பரிடமும் மறுமுறை மயக்க மருத்துவர் வந்தமர்ந்து, நடக்கவிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அன்றிரவு அன்பர் உறங்கினார். சிகிச்சையும் இனிதே நிறைவேறியது.

அஞ்சுவோரை இகழ்தல் வேண்டா. அச்சம் எவர்க்கும் இயல்பே. நோய் பழவினையின் பயனாகலாம். ஆயினும், பிறர் நெஞ்சில் கலக்கத்தை விளைவித்தல் நாம் இன்று தேடிக்கொள்ளும் புதுவினை. ஆதலின், நோயாளியைக் காணச் செல்லுங்கால் பிறர் பட்ட துன்பக் கதைகளை வாயிலிலேயே விட்டுச் செல்வோம். அவர்தம் ஐயங்களைக் கேட்டறிந்து, மருத்துவரிடம் வினவ உதவுவோம். அருகமர்ந்து பஞ்ச நமஸ்காரத்தை மெல்ல ஓதுவோம். பழம் வாங்க மறந்தாலும், அபயம் அளிக்க மறவாதிருப்போமாக!