காட்டில் அரிய உயிர், தோட்டத்தில் பீடை

ஓர் உயிரின் பெறுமதி அந்த உயிரிலேயே இருக்கிறதா, அல்லது அது நிற்கும் இடத்தைப் பார்த்து நாம் கொடுப்பதா? அம்பாறைக் கரையோரத்தில் வாழும் நமக்கு இது தத்துவ நூல்களில் மட்டும் கிடக்கின்ற கேள்வியல்ல. கல்முனையிலிருந்து தெற்கே போகப் போக ஒருபுறம் கடல், மறுபுறம் வயல்வட்டைகள். வட்டைகளுக்கு அப்பால் காடு. பொத்துவிலில் மேற்கே திரும்பினால் லாகுகல. தெற்கே அறுகம்குடா, பாணமை, உகந்தை கடந்தால் குமண. நமது ஊர்கள் விழித்தெழுவது காட்டின் வாசலில் என்றே சொல்லலாம்.

குமண 1938ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பின்னர் யால கிழக்கு தேசிய பூங்கா உருவானது. யுத்தம் காரணமாக 1985 முதல் 2003 வரை அது பூட்டியே கிடந்தது. திறந்த மறுவருடமே சுனாமி வந்தது. 2006இல் பூங்காவுக்குக் குமண என்ற பெயர் சூட்டப்பட்டது. 2010இல் அங்குள்ள ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சுமார் 356 சதுர கிலோமீற்றர் பரந்த இப்பூங்காவின் உயிர்நாடி, ஏறத்தாழ 200 ஹெக்டயர் மட்டுமே கொண்ட குமண வில்லு. கும்புக்கன் ஓயாவின் நீரால் வாழும் இந்த வில்லின் கண்டல் மரங்களில் மே, ஜூன் மாதங்களில் நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் கரண்டிவாயன்களும் கூடுகட்டுகின்றன. இலங்கையில் விரல்விட்டு எண்ணத்தக்க சோடிகளே எஞ்சியுள்ள கருங்கழுத்து நாரையைக் காணக்கூடிய மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று.

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மே மாதக் கடைசியில் அங்கே போயிருந்தோம். வில்லின் கரையில் ஜீப் நின்றதும் யாரும் பேசவில்லை. ஆயிரக்கணக்கான பறவைகளின் இரைச்சல் ஒரு பெருநாள் சந்தையை நினைவூட்டியது. திரும்பும் வழியில் பாலை மரமொன்றில் கறுத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட மந்திக் கூட்டமொன்று இருந்தது. சற்றுத் தள்ளி, உச்சந்தலையில் தொப்பி வைத்தாற்போல மயிர் கொண்ட ரிலவாக் குரங்குகள். எல்லோரும் படம் எடுத்தார்கள். எங்களோடு வந்தவர்களில் ஒருவர் தென்னந்தோட்டக்காரர். அவர் மட்டும் கமராவைக் கையில் எடுக்கவில்லை. “என்ன காக்கா, எங்கட தோட்டத்துக்கு வந்தா வெடி கொளுத்திக் கலைக்கிற. இஞ்ச காசு குடுத்துப் பாக்க வந்திரிக்கம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த வார்த்தை சிரிப்போடு போய்விடக்கூடியதல்ல.

ரிலவா இலங்கைக்கு மாத்திரமே உரிய குரங்கினம். உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் அதனை அருகிவரும் இனமாகக் குறிக்கிறது. அதே குரங்கில் ஒரு இலட்சத்தைச் சீனாவின் மிருகக்காட்சிசாலைகளுக்கு அனுப்பும் யோசனையை 2023 ஏப்ரலில் நமது விவசாய அமைச்சரே வெளியிட்டார். எதிர்ப்புக் கிளம்பி, விடயம் நீதிமன்றம் வரை சென்று, அந்த யோசனை கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, நாடெங்கும் மக்கள் தத்தமது வளவுகளிலுள்ள குரங்கு, மந்தி, மரஅணில், மயில் ஆகியவற்றை ஐந்து நிமிடம் எண்ணித் தருமாறு கேட்கப்பட்டார்கள். ஒரே பிராணி ஒரு பேரேட்டில் பொக்கிஷம். மற்றப் பேரேட்டில் நட்டம்.

இவ்விரண்டில் எது உண்மை என்று கேட்பது பிழையான கேள்வி. இரண்டும் உண்மைதான். காடு சுருங்கியதால் ஓர் இனம் அருகுகிறது. காட்டை இழந்தவை தோட்டத்துக்கு வருவதால் தோட்டத்தில் பெருகியதாகத் தெரிகிறது. பொலன்னறுவையில் 1968 முதல் ரிலவாக்களை ஆராய்ந்து வந்த வுல்ஃப்காங் டிட்டஸ், இயற்கைக் காட்டில் பிறக்கும் குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை பருவமடையுமுன் இறந்துவிடுவதை எடுத்துக்காட்டினார். பசிதான் அவற்றின் தொகையைக் கட்டுப்படுத்துகிறது. யாத்திரைத் தலத்தில் வீசும் சோற்றுப் பார்சலும் ஊர் எல்லையில் குவியும் குப்பையும் அந்தக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிடுகின்றன. ஆகவே ‘குரங்கு பெருகிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது, குரங்கைப் பற்றிப் பாதியும் நம்மைப் பற்றிப் பாதியும் சொல்கிறோம்.

குப்பையைப் பற்றிச் சொல்ல நமது மாவட்டத்தை விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்கும் பொலித்தீனும் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. அது சுற்றியுள்ள ஊர்களின் குப்பை. அடுக்களையில் நாம் கட்டி வீசும் ஒரு பையின் கடைசிப் பிரயாணம் ஒரு யானையின் குடலில் முடிகிறது. சரணாலயத்துக்குள் பேசாமல் நிற்கும் மனிதனுக்கு, சரணாலயத்துக்கு வெளியே இப்படி ஒரு கை இருக்கிறது.

இனி, தோட்டக்காரரின் பக்கத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். காட்டைப் பார்த்து மகிழ்கிறவன் நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுக்கிறான். காட்டின் உண்மையான விலையைக் கொடுப்பவன் வேறொருவன்: ஒரே இரவில் யானை உழக்கிய வேளாண்மைக்காரன், குரும்பை பிடுங்கி எறியப்பட்ட தென்னைக்காரன். கோடு போடப்படும் விதத்திலும் நியாயமில்லாமல் போவதுண்டு. வட்டமடு 2010ஆம் ஆண்டு வர்த்தமானியால் வன ஒதுக்கமாக்கப்பட்டபோது, அங்கு செய்கை பண்ணிய விவசாயிகளுக்கு நேர்ந்தது இதுதான். வரைபடத்தில் பச்சை வர்ணம் பூசுகிற கை, அந்த மண்ணில் யாருடைய வரம்பு இருந்தது என்று விசாரிப்பதில்லை. ஒருவர் அன்பு காட்ட இன்னொருவர் செலவு செய்வதென்றால் அந்த அன்பைத் தர்மம் என்று அழைக்க முடியாது.

ஆனால் இந்த நியாயமான மனக்குறையிலிருந்து ஒரு தவறான முடிவுக்குத் தாவுவதும் எளிது. அரசு எனக்கு அநீதி செய்தது. ஆகவே குரங்குக்கும் யானைக்கும் உரிமை ஏதுமில்லை. இங்கே தர்க்கம் அறுந்துபோகிறது. வர்த்தமானி எழுதியது யானையல்ல.

பத்தாம் நூற்றாண்டில் பஸராவிலிருந்த இக்வானுஸ் ஸபா எனும் அறிஞர் குழு தமது நிருபங்களில் ஒரு வழக்கைக் கற்பனை செய்தது. மிருகங்கள் யாவும் ஜின்களின் அரசன் முன் மனிதன்மீது முறையிடுகின்றன: எங்களுக்கு எஜமானன் என்று இவன் எதைக்கொண்டு சொல்கிறான்? மனிதர் தமது அழகை, அறிவை, நகரங்களை, கைத்தொழிலைச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகம் எழுந்து மறுமொழி கூறுகிறது. கடைசியில் தீர்ப்பு மனிதன் பக்கம் சாய்வது அவனுடைய திறமைக்காக அல்ல. மறுமை வாழ்வும் நல்லடியார்களும் அவனுக்கு இருப்பதால். ஆயிரம் வருடத்துக்கு முந்திய அந்த வழக்கில் உறைக்கும் செய்தி இது: மனிதனின் மேன்மை, கணக்குக் கொடுக்கும் கடமையோடு சேர்ந்தே வருகிறது. கணக்குக் கொடுக்க மறுப்பவனுக்கு மேன்மையும் கிடையாது. வேட்டையாடத் தடையுள்ள புனித எல்லையும், மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கிக் காக்கும் ஹிமா முறையும் நமது மரபுக்குப் புதியவையல்ல. சரணாலயம் என்பதை அந்நியச் சரக்காகக் கருத வேண்டிய அவசியம் நமக்கில்லை.

எனவே, முதலில் எழுப்பிய கேள்விக்கு எனது பதில் இதுதான். உயிரின் பெறுமதி இடத்துக்கு இடம் மாறுவதில்லை. மாறுவது, அதற்கு நாம் செலுத்தவேண்டிய கடன். காட்டுக்குள் அந்தக் கடன் மௌனமும் தூரமும். அங்கே குரங்குக்கு ஒரு வாழைப்பழம் நீட்டுவதுகூட அன்பல்ல. நாளைக்கு அதைத் தோட்டத்துக்கு அழைத்துவரும் அழைப்பிதழ். தோட்டத்துக்குள் கலைப்பதற்கு நமக்கு உரிமையுண்டு, வதைப்பதற்கு இல்லை. பன்றிக்கென்று தீனிக்குள் வைத்து, யானைக்கன்றின் தாடையைச் சிதறடித்து, நாட்கணக்கில் பட்டினியால் சாகவிடும் ‘ஹக்கபட்டாஸ்’ வெடி கலைப்பதாகாது. வயலைக் காப்பாற்றுகிறேன் என்ற நியாயம் அந்த வேதனையின் முன் நிற்காது.

இந்தக் கடன் தனியாளுக்கு மட்டும் உரியதுமல்ல. பார்வையாளரிடம் வாங்கும் பணத்தில் ஒரு பங்கு, காட்டோரத்தில் பயிர் இழந்தவனுக்குத் தாமதமின்றிப் போய்ச் சேரவேண்டும். கோடு போடுமுன் அந்த நிலத்தில் நின்றவனை விசாரிக்க வேண்டும். நமது நகரசபைகளும் பிரதேச சபைகளும் குப்பையைக் காட்டின் வாசலில் கொட்டுவதை நிறுத்தவேண்டும். இவற்றைக் கேட்காமல் குமணவின் பறவைகளைப் பற்றிக் கவிதை எழுதுவது சுலபம். இவற்றைக் கேட்கிறவர்களிடம், கமராவைக் கையில் எடுக்காத அந்தத் தென்னந்தோட்டக்காரரும் சேர்ந்துகொள்வார் என்றே நான் நம்புகிறேன்.