முகப்பருவுக்கு வைத்தியம் ஆடம்பரமா?

வியாபார அன்பர்களே! பதினாறு வயதுப் பிள்ளை முகப்பருவுக்காகக் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கப் பணம் கேட்டால், நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்றே. “இது வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும். இதற்குப் போய் டாக்டரா?” என்போம். மேனி மினுக்கச் செலவிடுவது வீண் விரயம் என்பது நம் எண்ணம். விரயம் கூடாதென்பது நல்ல கொள்கைதான். ஆனால் இது விரயந்தானா என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பரு என்பது அழுக்கினால் வருவதல்ல. பருவ வயதில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. மயிர்த்துளை அடைபட்டு, அங்கே கிருமி பெருகி வீங்குகிறது. பலருக்குச் சில ஆண்டுகளில் அடங்கிவிடும் என்பது உண்மையே. ஆனால் கட்டி கட்டியாக ஆழத்தில் வருகிறவர்களுக்குப் பரு போனாலும் குழி போகாது. ஆகவே, இல்லாத அழகைத் தேடுவது வேறு, வந்த நோயைத் தீர்ப்பது வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது நியாயமல்ல.

“உயிருக்கு ஆபத்தில்லையே, இதுவும் ஒரு நோயா?” என்று சிலர் கேட்கலாம். கடையின் பெயர்ப்பலகையில் வர்ணம் உரிந்தால் நாம் ஒரு மாதம் பொறுப்பதில்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிறோம். அதே கவலையால் பிள்ளை கல்லாப் பக்கம் வரக் கூசி, தலை குனிந்து நடந்தால், அதை மட்டும் ஆடம்பரம் என்று நிறுப்பது எந்தத் தராசு?

இன்னொன்றும் உண்டு. நாம் மறுத்துவிட்டால் பிள்ளை சும்மா இருப்பதில்லை. ஏழு நாளில் முகம் பளிச்சிடும் என்று சொல்லும் ஏதோ ஒரு கிரீம் டப்பியை வாங்கிப் பூசிக்கொள்கிறான். மலேசியாவில் விற்ற இப்படிப்பட்ட பல கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் முதலியவை கலந்திருப்பதைக் கண்டு, தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அவற்றின் அனுமதியை ரத்துச் செய்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு கலந்த கிரீமோ, முதலில் சிவப்பை அடக்கிப் பிறகு தோலை மெலியவைத்துப் பருவையே கிளப்பிவிடும்.

அந்த டப்பியை விற்றது யார்? நம்மைப் போன்ற ஒரு கடைக்காரர்தானே! தன் பிள்ளைக்கு டாக்டர் செலவு வீண் என்று சொன்னவரே, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இன்னதென்று தெரியாத பண்டத்தை மருந்தென்று கொடுத்தால், அந்த லாபத்தை ஹலாலான காசு என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

கிளினிக் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டியதில்லை. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற தனியார் கிளினிக்கா என்று பார்க்க வேண்டும். அழகு நிலையம் கிளினிக் ஆகாது. முதல் நாளே பத்துத் தடவைக்கான பணத்தை மொத்தமாகக் கேட்டால், ஏன் என்று விசாரிக்கலாம். சாதாரணப் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு போன்ற பூச்சு மருந்தே பெரும்பாலும் போதும். பலன் தெரிய 6 முதல் 8 வாரமாவது பொறுக்க வேண்டும். கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும். கருவிலுள்ள குழந்தையை அது ஊனமாக்கும் என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தனியாரிடம் போக வசதியில்லாத குடிமக்கள் முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டலாம்.

ஆகவே அன்பர்களே, பிள்ளை வந்து கேட்டால் ஏசாமல், ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள். வைத்தியம் தேவையா இல்லையா என்பதை அவர் சொல்லட்டும். கடை அலமாரியிலுள்ள கிரீம்களையும் ஒரு நாள் எடுத்துப் பார்த்து, அனுமதி இல்லாதவற்றை விற்காமல் ஒதுக்கிவிடுங்கள். நம் பிள்ளைக்கு எதைப் பூச அஞ்சுகிறோமோ, அதைப் பிறர் பிள்ளைக்கு விற்பது முறையல்ல.