சைக்கிளும் கூலியும்

“கூலி கேட்டது நியாயம், சைக்கிளைவிட்டு இறங்கமாட்டேன் என்றது வீம்பு” என்று சொல்வாருண்டு. 1941-ஆம் வருஷத்தில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தைக் குறித்தே இவ்வார்த்தை. இது சரிதானா என்று ஆராய்வோம்.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் துணையோடு தொழிலாளர் விடுத்த கோரிக்கைகள் பல. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பத்துப் பன்னிரண்டு மணி வேலைக்கு முடிவு, பிள்ளைகளுக்குக் கல்வி, வைத்திய வசதி, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு, துரைமாரோ கிராணிமாரோ எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தொழிலாளப் பெண்கள்மீது நடக்கும் அத்துமீறல் நிற்கவேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர்.

கூலி என்பது பேரம். பேரம் பேச இருவர் நேருக்குநேர் நிற்கவேண்டும். தன் வியர்வையால் வாங்கிய சைக்கிளில் அமர்ந்திருக்கவே உரிமையற்றவன், தன் உழைப்புக்கு இன்ன விலை என்று எங்ஙனம் வாய்திறப்பான்? அவனுக்குத் துரை கொடுத்தால் தயவு, குறைத்தால் தலைவிதி. தயவையும் விதியையும் எதிர்த்து வழக்காட முடியுமா? இறங்கமாட்டேன் என்றவன் கூலிக் கணக்கின் முதல் வரியையே எழுதினான் என்போம்.

கிராணிமார் வெள்ளையரல்லர்; நம்மவரே. இதைச் சொல்ல நமக்கு வெட்கந்தான். வெள்ளைத் துரைக்கு இறங்குவது அடிமைத்தனம், கறுப்புத் துரைக்கு இறங்குவது மரியாதை என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை.

கள்ளுக்கடையையும் நோக்குக. தோட்டத்தான் நன்மை தீமை அறியாத குழந்தை என்று சொல்லப்பட்ட காலம் அது. அக்குழந்தைக்காகத் தோட்டத்திலேயே கள்ளுக்கடையும் இருந்தது! மூடுங்கள் என்று கேட்டவன் அந்தக் குழந்தையே.

யுத்த காலத்தில் ரப்பர் வேலையை நிறுத்தலாமா என்ற கேள்வி இலேசானதன்று. ஆயினும் சுதந்திரத்துக்காகவே போர் என்று முழங்கிய ஆட்சி, பால்மரக் காட்டில் பேச்சுரிமை கேட்டவனுக்கு என்ன பதில் வைத்திருந்தது? மே மாதத்தில் சங்கத் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் கைதானார், பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் பரவிற்று. சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்நீத்தனர். கூலியில் சில காசு ஏற்ற முதலாளிமார் அதற்கு முன்னரே இசைந்திருந்தனர். துருப்புகள் வந்தது, தொழிலாளர் தம் தலைவரைத் திருப்பிக் கேட்டபொழுதுதான்.