மறந்த பருவமும் மறக்கலாகாத கடனும்

நம்மில் பலருக்குச் சின்னஞ்சிறு பருவத்து நினைவுகள் மிகக் குறைவு. சிலருக்கோ 6, 7 வயது வரை எதுவுமே தெளிவாக நினைவில்லை. தொட்டிலில் கிடந்ததும், தவழ்ந்ததும், தாயின் தோளில் உறங்கியதும் வேறு யாருக்கோ நேர்ந்தவை போலத் தோன்றுகின்றன. இதனால் மனம் கலங்குவோரும் உண்டு. “சிறு வயதில் எங்களை வளர்த்தார்களே என்று சொல்லித் தொழுகைக்குப் பின் பெற்றோருக்காக துஆச் செய்கிறோம். ஆனால் அந்தச் சிறு வயதே எங்களுக்கு நினைவில்லையே! நாவு அசைகிறது, உள்ளம் அசையவில்லை. இது நன்றி கெட்டதனமா?” என்று வாலிபர் சிலர் கேட்கின்றனர். இக்கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் ஆராய வேண்டியது நம் கடமை.

முதலில் ஒன்றை விளங்கிக் கொள்வோம். இந்த மறதி நோயுமன்று, குற்றமுமன்று. பெரும்பாலோரின் முதல் நினைவு 3, 3½ வயதளவில்தான் தொடங்குகிறது என்றும், அதற்கடுத்த சில ஆண்டுகளின் நினைவுகளும் சொற்பமே என்றும் மனவியல் அறிஞர்கள் கண்டுள்ளனர். நினைவைப் பதித்து வைக்கும் மூளைப் பகுதி அவ்வயதில் முதிர்ந்திருப்பதில்லை. நடந்ததைக் கோவையாகச் சொல்லி வைக்கும் மொழியும் பிள்ளையிடம் இருப்பதில்லை. திருமறையின் 16-வது அத்தியாயம் 78-வது வசனமோ, நாம் எதையும் அறியாத நிலையில் அன்னையின் வயிற்றிலிருந்து வெளியே கொண்டு வரப்பட்டதையும், நாம் நன்றி செலுத்த வேண்டும் என்பதற்காக செவியும் பார்வையும் இதயமும் தரப்பட்டதையும் எடுத்துரைக்கிறது. அறியாமையில் தொடங்கி நன்றியில் முடியும் அவ்வசனத்தை நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

ஸஹாபாக்களில் மஹ்மூது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் 5-வது வயதில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை அறிவித்துள்ளார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு வாளியிலிருந்து வாயில் நீரெடுத்து, அக்குழந்தையின் முகத்தில் விளையாட்டாக உமிழ்ந்தார்கள். அவ்வளவுதான் செய்தி. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இதனை இல்முடைய பாடத்தில் சேர்த்து வைத்தார்கள். ஹதீஸ் கலையினர் பலர் இதைக் கொண்டு, சிறுவர் செவியேற்பதற்கு 5 வயதை எல்லையாகக் கொண்டனர். வயதைவிட விவரம் புரியும் பக்குவமே முக்கியம் என்று இப்னு ஸலாஹ் (ரஹ்) போன்றோர் விளக்கினர். பிள்ளைப் பருவத்து நினைவு அரிதானது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு இந்த ஆய்வே சான்று.

இனி, வாலிபர்களின் கேள்விக்கு வருவோம். நினைவில்லாத நன்மைக்குக் கடன்பட முடியுமா? முடியும். ஷரீஅத்தின் பெரும் கடமைகளில் ஒன்று அதன் மீதுதான் நிற்கிறது.

நன்முறையில் நடந்து கொள்ள மிகவும் தகுதியானவர் யார் என்று கேட்கப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று முறை தாயைக் கூறி, நான்காவதாகவே தந்தையைக் கூறினார்கள். தாய்க்கு மூன்று பங்கு ஏன்? சுமந்த சிரமம், ஈன்ற வேதனை, பாலூட்டிய பாடு ஆகிய மூன்றும் அவளுக்கே உரியவை என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் காரணம் கூறியுள்ளார்கள். இந்த மூன்றில் ஒன்றையாவது நினைவில் வைத்திருக்கும் பிள்ளை உலகில் உண்டா? நினைவே கடனுக்கு அளவுகோலானால் தாய்க்கு ஒரு பங்குகூடக் கிடைத்திராது!

மற்றொரு சம்பவமும் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்கள் அபூ இஹாபின் மகளை மணந்தார்கள். ஒரு பெண்மணி வந்து, மணமக்கள் இருவருக்கும் தாமே பாலூட்டியதாகத் தெரிவித்தார். தமக்கு அப்படி ஒன்றும் தெரியாதே என்றார்கள் உக்பா (ரலி). ஆயினும் மனம் அமைதியுறாமல், மக்காவிலிருந்து மதீனா வரை வாகனமேறிச் சென்று நாயகத்திடம் விசாரித்தார்கள். இப்படிச் சொல்லப்பட்டு விட்ட பிறகு எவ்வாறு சேர்ந்து வாழ்வது என்ற கருத்தில் அண்ணலார் பதிலளிக்கவே, மனைவியைப் பிரிந்து விட்டார்கள். ஒரு பெண்ணின் சாட்சியமே இதற்குப் போதுமா, அன்றிப் பேணுதலுக்காக அவ்வாறு சொல்லப்பட்டதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தனி மஸ்அலா. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: தமக்கு நினைவில்லாத பால்குடிப் பருவத்துச் செய்தியை, நினைவில்லை என்பதற்காக அந்த ஸஹாபி உதறிவிடவில்லை.

ஆகவே வாலிபர்களே! அந்த துஆவில் உங்கள் நினைவுக்குச் சோதனை இல்லை. நீங்கள் பேணப்படாமல் இன்று உயிரோடு நின்றிருக்க முடியாது என்ற உறுதியான அறிவே அதற்குப் போதும். உங்களைப் பேணியவர் பெற்ற தாயாக இல்லாமல் பாட்டியாரோ சிற்றன்னையோ அண்டை வீட்டாரோ ஆகவும் இருக்கலாம். அவர்களையும் துஆவில் சேர்த்துக் கொள்ளுங்கள். அடியும் ஏச்சும் மட்டுமே நினைவில் தங்கியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இல்லாத இனிமையைக் கற்பனை செய்து கொள்ளும்படி மார்க்கம் அவர்களைக் கேட்கவில்லை. பெற்றோருக்கு ரஹ்மத்தை வேண்டி, அவர்கள் கணக்கை ரப்பிடம் ஒப்படைப்பதே அவர்களுக்குப் போதுமானது.

இதில் பெற்றோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளையின் தொலைந்த பருவம் உங்களிடம்தான் அமானிதமாக இருக்கிறது. அதை எப்படி எடுத்துச் சொல்கிறீர்கள்?

நபி மூஸா (அலை) அவர்களின் குழந்தைப் பருவம் அவர்களிடம் இருமுறை எடுத்துக் கூறப்பட்டதைத் திருமறையில் காண்கிறோம். ‘தாஹா’ அத்தியாயத்தின் 38 முதல் 40 வரையுள்ள வசனங்களில் அல்லாஹ் கூறுகிறான்: தாயின் உள்ளத்தில் உதிப்பித்ததையும், பேழை நதியில் விடப்பட்டதையும், தன் அன்பை அவர்கள் மீது போர்த்தியதையும், தாயின் கண் குளிர அவளிடமே திருப்பிச் சேர்த்ததையும் எடுத்துரைக்கிறான். கொடுங்கோலன் முன் செல்லவிருந்த நபிக்கு அது தைரியம் ஊட்டியது. இரண்டாவதாகச் சொன்னவன் ஃபிர்அவ்ன். ‘ஷுஅரா’ அத்தியாயத்தின் 18-வது வசனத்தில், குழந்தையாக இருந்தபோது நாங்கள்தானே வளர்த்தோம் என்று குத்திக் காட்டுகிறான். அதே குழந்தைப் பருவம்தான். ஒருவர் வாயடைக்கவே அவன் அதைப் பயன்படுத்தினான்.

இன்று நம் வீடுகளில் கேட்கும் குரல் எது? “உன்னை வளர்க்க நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா?” என்று மகன் மீது வீசப்படும் சொல், உண்மையாகவே இருந்தாலும், கேட்பவன் நெஞ்சைச் சுருங்க வைக்கிறது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டி தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று ‘பகரா’ 264-வது வசனம் தடுக்கிறதே, பாலூட்டிய தர்மத்துக்கு அது பொருந்தாதா? பிறந்த இரவையும், முதலில் பேசிய சொல்லையும், காய்ச்சலில் விழித்திருந்த நேரத்தையும் அன்போடு சொல்லுங்கள். பிள்ளை தன் உள்ளத்தாலேயே நன்றியைக் கண்டு கொள்வான். பழைய நிகழ்ச்சிகளைப் பெற்றோர் கேட்டும் சொல்லியும் உரையாடும் வீடுகளில் பிள்ளைகளின் நினைவு செழிக்கிறது என்பதும் ஆய்வாளர்கள் கண்ட உண்மை.

பிள்ளைகளும் தாமதிக்க வேண்டாம். நம் மழலையை அறிந்த முதியோர் ஒவ்வொருவராகக் கப்ருக்குச் சென்று கொண்டிருக்கிறார்கள். இருப்பவரிடம் அமர்ந்து கேளுங்கள். நாயகம் (ஸல்) அவர்களுக்கு துவைபா என்ற பெண்மணி பாலூட்டியது சில நாட்களே. எந்தக் குழந்தைக்கும் நினைவிருக்க முடியாத காலம் அது. ஆயினும் மதீனாவில் குடியேறிய பின்னும் அப்பெண்மணிக்கு மக்காவுக்குத் துணிமணிகளும் அன்பளிப்பும் அனுப்பி வந்தார்கள் என்று சீரத்து நூல்கள் கூறுகின்றன.

நாம் மறந்து விட்ட நாட்களில் நம்மைத் தாங்கிய கரங்களுக்கெல்லாம் வல்ல ரஹ்மான் கருணை புரிவானாக! அவர்களது கடனை உணர்ந்து நடக்கும் நல்லுதவியை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.