தொட்டி மீனுக்கு மரணம் கொடுப்பது ஆகுமா?

சங்கரன்கோவிலில் ஒரு வீட்டிலிருந்து நம்மிடம் ஒரு மஸ்அலா வந்தது. பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கி வைத்த தங்கமீன் ஒன்று, வயிறு ஊதி, செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்க, மூன்று நாட்களாக ஒருக்களித்துக் கிடக்கிறது. இரை எடுப்பதில்லை. செவுள் மட்டும் அசைகிறது. கொன்றுவிட்டால் அதற்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி என்கிறார் வீட்டுக்காரர். உயிரைக் கொடுத்தவன் அல்லாஹ், எடுப்பதற்கு நாம் யார் என்கிறார் அவருடைய தாயார்.

பிரியாணிக்குப் பேர் போன ஊரில், மீன் குழம்பு மணக்கும் வீட்டில், விரல் நீள மீனுக்கு மஸ்அலாவா என்று சிலர் சிரிக்கக்கூடும். நாம் சிரிக்கவில்லை. உண்பதற்காக ஒரு பிராணியின் உயிரைப் போக்க ஷரீஅத் அனுமதி தந்திருக்கிறது என்பதனால், எந்தக் காரணத்துக்காகவும் போக்கலாம் என்று ஆகிவிடாது. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் தன்னைக் கொன்றவன் மீது முறையிடும் என்ற கருத்தில் நஸாயீயில் ஹதீஸ் வந்திருக்கிறது. ஆக, கேள்வி இதுதான்: வேதனையிலிருந்து விடுவிப்பதற்காகக் கொல்வது வீணாகக் கொல்வதா, அல்லவா?

இந்தக் கேள்வி நம் நாட்டில் பெரிய இடங்களிலும் எழுந்ததுண்டு. 1928ல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத நோயால் துடித்த ஒரு கன்றுக்கு ஊசி போட்டு உயிரை முடிக்கக் காந்திஜி இசைந்தார். அஹிம்சை பேசியவரா இப்படிச் செய்தார் என்று கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 2018 ஏப்ரலில் சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரி எழ முடியாமல் புண்பட்டுக் கிடந்தபோது, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று கால்நடை மருத்துவர் சான்றளித்தால் கருணைக் கொலை செய்யலாம் எனச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு அவசியமில்லாமல் அந்த மாதமே யானை தானாக இறந்துபோயிற்று. 1960ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. அந்தச் சட்டத்தில் பிராணி என்றால் மனிதனல்லாத எந்த ஜீவனும் என்பது பொருள். மீனும் அதில் அடக்கம்.

சட்டம் இருக்கட்டும். நம் கிதாபுகள் என்ன சொல்கின்றன?

முதலில், மனிதனையும் மீனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. காயத்தின் வேதனை தாளாமல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரைப் பற்றிய கடுமையான எச்சரிக்கை புகாரியில் இருக்கிறது. மனிதனுக்கு நோய் பாவப் பரிகாரம். அவன் பொறுமைக்குக் கூலி உண்டு. மீனுக்கு ஏது பாவம், ஏது பரிகாரம்? ஸப்ரு செய் என்று அதனிடம் சொல்ல முடியுமா? அதன் வேதனை வெறும் வேதனைதான். ஆகவே அந்தத் தாயாரின் வாதம் மனித உயிரைப் பற்றி முழு உண்மை. மீனைப் பற்றி அதை அப்படியே ஓட்டுவதற்கில்லை. மீனுக்கு வலியே கிடையாது என்று நினைப்போரும் உண்டு. வலியூட்டும் தூண்டுதலை உணரும் நரம்பு முனைகள் மீனின் தலைப்பகுதியில் இருப்பதை 2003ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதை எவ்வளவு உணர்கிறது என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை. சந்தேகமிருக்கும் இடத்தில் இரக்கத்தின் பக்கம் நிற்பதே பேணுதல்.

இனி ஃபிக்ஹு. மலபார் பொன்னானியின் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் எழுதிய ஃபத்ஹுல் முஈன் நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ கிதாபு. உண்ணத் தகாத பிராணியை, அதற்கு ஓய்வளிக்கும் நோக்கத்தில்கூட அறுப்பது ஹராம் என்றும், முடமாகிப்போன கழுதையை அதற்கு உதாரணமாகவும் அதில் காண்கிறோம். சேலத்து யானையின் விஷயம் இந்த வகையில் சேரும். ஹனஃபி கிதாபுகளில் இது சற்றுத் தளர்வு. பயன்படாத நோயுற்ற கழுதையை அறுத்து விடுவதில் குற்றமில்லை என்கிறார்கள்.

மீனோ உண்ணத் தகுந்த இனம். வெளியே எடுத்தும் நெடுநேரம் உயிர் தரித்திருக்கும் பெரிய மீனை அறுத்துவிடுவது சுன்னத்து என்று நம் இமாம்கள் சொல்லக் காரணம், அதற்கு ஓய்வளிப்பதே. சிறிய மீனைக் கத்தியால் அறுப்பது மக்ரூஹ். இன்னொரு இடமும் உண்டு. வளர்ப்பவன் தீனி போட மறுத்தால், விற்கவோ தீனி போடவோ அறுக்கவோ அவனைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதுகிறார்கள். உண்ணத் தகாத பிராணியானால் விற்பதும் தீனியும் மட்டுமே. அறுப்பது அங்கே இல்லை.

அறுத்தால் இறைச்சியாவது பயன்படும், இந்த மீனால் என்ன பயன் என்று ஓதுகிற பிள்ளைகள் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் கொல்வது நல்லது என்று நாம் சொல்லவில்லை. மருந்து பார்த்து, பிழைக்காது என்று ஆன பின், வேதனையை நீக்கும் எண்ணத்தோடு செய்தால் குற்றமில்லை என்ற அளவில் நிற்கிறோம். வேதனையை நீக்குவது ஒரு நோக்கம். நோக்கமில்லாததைத்தான் அந்தச் சிட்டுக்குருவி ஹதீஸ் கண்டிக்கிறது. அப்படியே விட்டு, தண்ணீரைச் சுத்தமாக வைத்து, தானாக முடியட்டும் என்றிருந்தாலும் குற்றமில்லை.

ஆனால் அந்த வீட்டுக்காரர் சொன்ன இரண்டாவது நிம்மதி நமக்கு உறுத்துகிறது. நமக்கும் நிம்மதி என்றாரே! மீனின் வேதனையா, அதைப் பார்க்கும் நம் சங்கடமா, தினம் தண்ணீர் மாற்றும் அலுப்பா? இதை அவரவர் கல்பிடம்தான் கேட்க வேண்டும். பூனையைக் கட்டிவைத்துத் தீனி போடாத பெண் நரகம் புகுந்தாள் என்று ஹதீஸில் வருகிறதல்லவா. அவள் கத்தி எடுக்கவில்லை. கையகலக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, அள்ளி அள்ளி இரை தூவி, கழிவின் அம்மோனியாவிலும் குழாய்த் தண்ணீரின் குளோரினிலும் வாட விட்டு, நோய் வந்த பிறகு கருணை பேசுவது தாமதித்த கருணை. வளர்ப்பதே ஆகாது என்பதல்ல. அனஸ் (ரளி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு குருவி வைத்திருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அது இறந்தபோது அந்தக் குழந்தையிடம் அன்போடு அதைப் பற்றி விசாரித்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். காணாமல் போய்விட்டது என்று பொய் வேண்டாம்.

கொல்வதானால் எப்படி? கொல்லும்போதும் அழகிய முறையைக் கைக்கொள்ள வேண்டும், பிராணிக்கு இலகுவாக்க வேண்டும் என்ற ஹதீஸை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரளி) வாயிலாக முஸ்லிமில் காண்கிறோம். தரையில் எடுத்துப் போட்டுத் துடிக்க விடுவது, உயிரோடு கழிவறையில் ஊற்றுவது, குளிர்பெட்டியில் வைத்து உறைய விடுவது மூன்றும் ஆகாது. பல்வலிக்குப் போடும் கிராம்புத் தைலத்தை வெந்நீரல்லாத தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் பாத்திரத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் முதலில் மயங்கும். பிறகு இன்னும் சேர்க்க, செவுள் நின்றுவிடும். நின்றபின் குறைந்தது 30 நிமிடமாவது அப்படியே விட வேண்டும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பிழைக்கட்டும் என்று ஊர் ஊருணியில் கொண்டு விடுவதும் வேண்டாம். நோய் அங்குள்ள மீன்களுக்கும் பரவக்கூடும். தானாகச் செத்து மிதக்கும் மீனை ஹனஃபிகள் உண்ண மாட்டார்கள், ஷாஃபிஈகளுக்கு ஆகும். ஆனால் நோயும் மருந்தும் ஏறிய இந்த மீனை யாரும் உண்ண வேண்டாம், பூனைக்கும் போட வேண்டாம். கொல்லையில் ஆழமாகத் தோண்டிப் புதைத்துவிட்டு, தொட்டியை உப்புப் போட்டுக் கழுவிக் காய வையுங்கள்.