எழுதிவைத்த விதியும் மருத்துவரின் முடிவும்

மருத்துவர் தம் அறிவின்படி நடக்க வேண்டுமா, எழுதிவைத்த விதியின்படியா என்ற கேள்வி கிரேக்கத் தத்துவத்தில் ஆட்சிமுறையை விளக்கும் உதாரணமாக வந்தது. வெளியூர் செல்லும் மருத்துவர் ஒருவர் நோயாளிகளுக்குக் குறிப்பு எழுதிவைத்துப் போவதாகப் பிளேட்டோ தம் ‘அரசியலாளர்’ உரையாடலில் கற்பனை செய்கிறார். சீக்கிரமே திரும்பியவர், நிலைமை மாறியிருந்தும் பழைய குறிப்பையே பிடித்துத் தொங்கினால் அது கேலிக்கூத்து என்பது வாதம்.

அரிஸ்டாட்டில் இவ்வளவு தாராளமானவர் அல்லர். எகிப்தில் நான்காம் நாளுக்குப் பிறகே மருத்துவர் சிகிச்சையை மாற்றலாம், முன்பே மாற்றினால் விளைவுக்கு அவரே பொறுப்பு என ‘அரசியல்’ நூலில் குறிப்பிடுகிறார். மருத்துவர் எதிரியிடம் கைக்கூலி வாங்கியதாகச் சந்தேகம் வந்தால் நோயாளி ஏட்டு வைத்தியத்தையே நாடுவார் என்றும் சொல்கிறார். இது கூர்மையான இடம். இங்கே விதியைக் கோருவது மருத்துவரின் அறியாமை அல்ல, அவர்மீதான அவநம்பிக்கை.

இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் மருந்துகளை வணிகப்பெயரில் அல்லாமல் பொதுப்பெயரில் எழுதச் சொன்ன 2023 ஆகஸ்ட் விதிகளுக்குப் பின்னாலும் மருந்து நிறுவனங்களின் செல்வாக்கு பற்றிய ஐயம் இருந்தது. பொதுப்பெயரில் விற்கும் மலிவு மருந்துகளின் தரத்துக்கு யார் உத்தரவாதம் என்று மருத்துவர்கள் கேட்டார்கள். அதே மாதம் விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன.

கிளினிக் விதிகளையும் ஆதாயச் சந்தேகம் யார்மீது என்று பிரித்துப் பார்க்கலாம். கைகழுவும் விதியை மீற மருத்துவச் சுதந்திரம் காரணமாகாது. ஆனால் மாதத்துக்கு இத்தனை ஸ்கேன் என்று நிர்வாகம் இலக்கு வைக்கும்போது ஆதாயச் சந்தேகம் விதி எழுதியவர் பக்கம் திரும்புகிறது. அங்கே அரிஸ்டாட்டிலின் வாதமே மருத்துவருக்குத் துணை நிற்கும்.