தோழனுக்காக ஓடிய கேப்டன்

லீட்ஸ் ரைனோஸ் ரக்பி அணியின் கேப்டனாக ஏழு முறை சூப்பர் லீக் கோப்பையைத் தூக்கியவர் கெவின் சின்ஃபீல்டு. அவருடைய அணித் தோழர் ராப் பர்ரோ உருவத்தில் சிறியவர், ஓட்டத்தில் மின்னல். 2019 டிசம்பரில் பர்ரோவுக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிய அழிய, நடையும் பேச்சும் விழுங்கும் திறனும் போய்விடும். குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

பர்ரோவின் சட்டை எண் 7. அதனால் 2020 டிசம்பரில் சின்ஃபீல்டு ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். நிதி திரட்டும் இலக்கு 77,777 பவுண்டு. சேர்ந்தது 20 லட்சத்துக்கும் மேல். பிறகு லெஸ்டர் டைகர்ஸ், இங்கிலாந்து அணிகளின் பயிற்சியாளரானார். வேலை மாறியும் ஓட்டம் நிற்கவில்லை.

2023 லீட்ஸ் மாரத்தானில் பர்ரோவின் சக்கர நாற்காலியைத் தள்ளியபடியே ஓடிவந்து, எல்லைக்கோட்டருகே தோழனைக் கைகளில் ஏந்திக் கடந்தார். அந்தப் படம் உலகைச் சுற்றியது. எனக்கோ அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஆண்டுதோறும் குளிரில் அவர் மறுபடி மறுபடி சாலையில் இறங்கியதுதான்.

2024 ஜூன் 2-இல் பர்ரோ மறைந்தார். மறுநாளே லீட்ஸில் அவர் பெயரிலான சிகிச்சை மையத்தின் கட்டுமானம் தொடங்கியது. அந்த டிசம்பரிலும் சின்ஃபீல்டு ஓடினார்.